நேரக் காப்பாளர் சொன்ன மூன்று பதில்கள்

காலஞ்சென்ற ஆவுடையப்பன் அவர்களின் மூத்த குமாரரும், கோவில்பட்டியை அடுத்த நூற்பாலை ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் நேரக் காப்பாளராகப் பணியாற்றி ஒரு நிமிடப் பழுதுமின்றி ஓய்வு பெற்றவரும், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டாலும் கிளை நூலகத்தின் ஆயிரத்து நானூறு நூல்களையும் வாசித்து முடித்தவர் என்று பெயரெடுத்தவருமாகிய திருவாளர் ஆ. வீரபாகு அவர்கள், வயது அறுபத்து மூன்று நிறைந்து ஏழு மாதம் ஆனவர், அன்று பகல் பன்னிரண்டு நாற்பது மணிக்குப் பெரியாஸ்பத்திரியில் பெண்கள் மருத்துவப் பகுதிக்கு வெளியே கிடந்த மரப்பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடியது. அதை யாரிடமாவது சொல்லலாமா என்று இருமுறை எழுந்திருக்கப் பார்த்தார்; இருமுறையும் எழவில்லை. நான்கு நிமிடம் என்பது சிறிய காரியம் அன்று. நான்கு நிமிடத்தில் இருநூறு பேர் ஆலை வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிடலாம், அல்லது வராமல் போகலாம். உள்ளே ஏழாம் எண் கட்டிலில் அவர் மனைவி உலகம்மாள் கிடந்தாள். ஐம்பத்தாறு வயது. இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் முனகினாள், மூக்கில் குழாய் செருகியிருந்தார்கள். ஆடிக் காற்று சன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு அவளுக்குக் குளிருமே என்று ஒரு நினைவு வந்தது, வந்ததும் அவருக்குத் தம்மேலேயே எரிச்சல் வந்தது, ஏனெனில் அவளுக்கு எந்தக் காற்றுக்குத்தான் குளிரவில்லை? கத்திரி வெயிலில் ஊரே வாசலில் பாய் போட்டுப் புழுங்கியபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டு போர்த்திப் படுத்தாள். வேர்வை என்பதையே அவள் நெற்றியில் அவர் கண்டதில்லை. வேலை செய்தால் அல்லவா வேர்க்கும் என்று அவர் ஒருநாள் நாலுபேர் கேட்கச் சொன்னதும், நாலுபேரும் சிரித்ததும் நினைவில் இருக்கிறது. நல்ல வாக்கியம் என்று அப்போது தோன்றியது. அரைமணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பெண் டாக்டர் வந்து நின்றாள். ரெஹானா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, முப்பது வயது இருக்காது. உயிரோடு இருந்திருந்தால் மகள் வடிவுக்கு இப்போது முப்பத்தொன்று. அந்தக் கணக்கை அவர் போடுவதில்லை என்று வைத்திருந்தார், கணக்கு தானாகவே போட்டுக்கொண்டது. "ஐயா, கொஞ்சம் கவனமாக் கேளுங்க," என்றாள் டாக்டர். "இவங்களுக்குத் தைராய்டு சத்து ரொம்பக் குறைஞ்சு போயிருக்கு. அது கழுத்துல இருக்கற சுரப்பியோட கோளாறா, இல்ல அதை வேலை வாங்கற, மூளைக்கு அடியில இருக்கற சுரப்பியோட கோளாறா, அதுதான் எனக்குத் தெரியணும். மூளைக்கு அடியில இருக்கறது செத்துப் போயிருந்தா, சிறுநீரகத்து மேல இருக்கற சுரப்பியும் சேர்ந்து படுத்திருக்கும். அப்போ முதல்ல அதுக்கு ஊசி போட்டாகணும். போடாம தைராய்டு மாத்திரையை மட்டும் குடுத்தா உடம்பு தாங்காது, ஆளே போயிடலாம். ரத்தத்தை வெளியே அனுப்பியிருக்கோம், முடிவு வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்க சொல்றதுதான் சாட்சி. பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா?"

"இல்லை. இயல்பான பிரசவம்."

"பால் சுரந்துச்சா?"

"சுரந்தது. அவளாகவே வற்ற வைத்துக்கொண்டாள்."

டாக்டரின் பேனா நின்றது; அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள். "மாதவிலக்கு எப்போ நின்னுச்சு?"

"உரிய வயதில். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு."

"அப்போ கழுத்துச் சுரப்பிதான். ரெண்டு மணிக்கு மாத்திரையை ஆரம்பிச்சிடறோம்," என்று சொல்லி, மூன்று விடைகளையும் தாளில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். மூன்று கேள்வி, மூன்று விடை, தயக்கமில்லாமல், தெளிவான உச்சரிப்போடு. இப்படித்தான் அவர் வாழ்நாள் முழுவதும் விடை சொல்லி வந்தார். மில்லில் யாருக்கு என்ன ஐயம் வந்தாலும் டைம் ஆபீஸுக்குத்தான் வருவார்கள். வீரபாகு அண்ணாச்சிக்குத் தெரியும். சந்திரன் எத்தனை மைல், பாம்புக்குக் காது உண்டா, பிள்ளைக்கு வலிப்பு ஏன் வருகிறது, எல்லாவற்றுக்கும் அவர் மேசையில் விடை இருந்தது. இல்லாதபோது அந்த இடத்திலேயே ஒன்று உண்டானது. யாரும் திரும்பி வந்து பிழை என்று சொன்னதில்லை. ஆனால் இயல்பான பிரசவம் என்றால் என்ன? அவர் பார்த்தாரா? அன்று காலை வலி கண்டபோது அவர் ஆறு மணிச் சங்குக்குப் போய்விட்டார். பிள்ளை பத்தரைக்குப் பிறந்ததாம். இரண்டு மணிச் சங்கையும் ஊதிவிட்டுத்தான் வீடு வந்தார், ஏனென்றால் அவர் ஊதாமல் அந்த ஆலையில் ஷிப்டு மாறாது. வந்தபோது கொல்லையில் அண்டாவில் துணி கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாத் தண்ணீர் செம்மண் குட்டை நிறத்தில் இருந்தது. ஏழு சேலை, ஒரு சாக்கு. மருத்துவச்சி கிணற்றடியில் குந்தியிருந்து கை கழுவிக்கொண்டே இருந்தாள், அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே உலகம்மாள் சுவர்ச் சுண்ணாம்பு நிறத்தில் கிடந்தாள். இவற்றை அவர் கண்டார். ஆனால் அவர் அம்மா சொன்னது, "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதாம்லே, நீ போயிச் சாப்பிடு," என்பது. அவர் போய்ச் சாப்பிட்டார். ஆக, இயல்பான பிரசவம்.

பெஞ்சின் மறுகோடியில் ஒருவன் வந்து உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து, பழைய சோற்றைப் பிசையத் தொடங்கினான். கால் வெடிப்புகளில் உப்பு பூத்திருந்தது. செபஸ்தியான் என்று நேற்றே தன்னைத் தெரிவித்துக்கொண்டவன், உப்பளத்தில் வேலை, மனைவி ரோசம்மாளுக்குத் தொண்டையில் கழலை. "அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிடுதியளா?" என்றான். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். "கேட்டியளா கூத்தை," என்று அவன் சிரித்தான், "தாத்தன் காலத்துலருந்து உப்புக்குள்ளயே கெடக்கோம். இவளுக்கு உப்புல உள்ள சத்து பத்தலன்னு சொல்லுதாவ. பாக்கெட்டு உப்பு வாங்கித் தின்னணுமாம். உப்பளத்துக்காரன் கடையில போயி உப்புப் பாக்கெட்டு வாங்குனா, ஊருல என்னைத் தூக்கிக் கடல்லதான் போடுவான்." அயோடின் என்று வீரபாகுவின் வாய் தானாகத் திறந்தது. "அது அயோடின், தம்பி. கழுத்துச் சுரப்பி அதைக் கொண்டுதான் தன் சாற்றைச் செய்கிறது." செபஸ்தியான் வாயில் சோற்றோடு அவரை வியந்து பார்த்தான். அந்தப் பார்வை வழக்கம்போல நெஞ்சில் வெதுவெதுப்பாக இறங்கியது. பாதி வழியில் எங்கோ சிக்கிக்கொண்டது. "ஒங்களுக்குத் தெரியாததே இல்ல போலுக்கு. நாங்கள்லாம் மண்ணு. டாக்டரம்மா எங்கிட்ட, ஒன் பொண்டாட்டிக்கு எப்பத்துலருந்து வீக்கம், மாசாமாசம் ஒழுங்கா ஆவுதா, தூங்குதாளான்னு வரிசையாக் கேக்காவ. எனக்கு என்ன எழவு தெரியும்? தெரியாதும்மா, அவளையே கேளுங்கன்னுட்டேன். ஒரே சிரிப்பு அந்தம்மாவுக்கு." தெரியாதும்மா. அந்தச் சொல்லை அவன் எவ்வளவு எளிதாகத் துப்பினான், சோற்றில் கல்லைத் துப்புவதுபோல.

மணி ஒன்று ஐந்து. சுவரில் ஒன்று ஒன்று. எதிரே கடிகாரத்துக்குக் கீழே ஒரு படம் மாட்டியிருந்தது. தோலுரித்த மனித உருவம், சுரப்பிகளுக்கு மட்டும் வண்ணம். அதைப் பார்க்கக்கூடாது என்று வந்ததிலிருந்து விலக்கி வைத்திருந்தார். அந்தப் படம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு, ஆலைத் தொழிலாளர் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில், 'நாளமில்லாச் சுரப்பிகளும் மனித வாழ்வும்' என்ற தலைப்பில் அவர் நாற்பது நிமிடம் உரை நிகழ்த்தியிருக்கிறார், கையில் குறிப்பு இல்லாமல். இதே போன்ற படத்தைத் தாமே அட்டையில் வரைந்து மாட்டியிருந்தார். "பெரியோர்களே, பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி என்னும் இந்தச் சுரப்பிதான் உடம்பின் தலைமைப் பீடம். உடம்பை வளர்ப்பதும் இதுவே, கழுத்துச் சுரப்பியை ஏவுவதும் இதுவே, பெண்ணை மாதந்தோறும் பெண்ணாக வைத்திருப்பதும் இதுவே, பிள்ளை பிறந்தவுடன் தாயின் மார்பில் பாலைச் சுரக்கச் செய்வதும் இதுவே." கைதட்டல் எழுந்தது. மேலாளர் பொன்னாடை போர்த்தினார். உலகம்மாள் கடைசி வரிசையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். புருவம் அப்போதே பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. மேடையிலிருந்து பார்த்தவருக்கு அவள் தூங்குவதாகத் தோன்றி, அவமானமாயிற்று. தூங்குமூஞ்சி. அந்தப் பொன்னாடையைத்தான் அதன்பின் பதினைந்து ஆண்டு அவள் சித்திரை வைகாசியிலும் சுற்றிக்கொண்டு அலைந்தாள். பாலைச் சுரக்கச் செய்வதும் இதுவே. இந்த வாய்தான் சொன்னது. அடுத்த வரிக்கு அந்த மனம் ஏன் போகவில்லை? சுரக்கச் செய்வது இதுவென்றால், சுரக்காமல் போவது எதனால் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அடுத்துக் கேட்கும். அவர் கேட்கவில்லை. பால் சுரக்காமல் போனது எதனால் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பூவினால். பிச்சிப்பூவை நெருக்கித் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டினால் இரண்டு மூன்று நாளில் பால் வற்றிவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களுக்கு அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் கட்டுவார்கள். வடிவு பிறந்த பத்தொன்பதாம் நாள், உலகம்மாளின் கட்டிலுக்கு அடியில் பழஞ்சேலைக் கிழிசலில் சுருட்டிய வாடிய பிச்சிச் சரத்தை அம்மா இழுத்துப் போட்டாள். "பாருலே, உயிரோட இருக்க பிள்ளைக்குப் பூ வச்சுக் கட்டியிருக்கா. அழகு கெட்டுரும்னு பயம். இவ தாயா?" பிள்ளை தண்ணீர் கலந்த எருமைப்பாலில் தொண்ணூற்றேழு நாள் இருந்தது. கடைசி இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. தொண்ணூற்றெட்டாம் நாள் காலை, தொட்டில் ஆட்டத் தேவையில்லாமல் இருந்தது. அதற்கு அப்புறம் அவர் தம் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். அடித்ததில்லை, ஒருநாளும் அடித்ததில்லை. அதைப் பெருமையாகவே எண்ணியிருந்தார். வேண்டியதைச் சொல்வார், தட்டைத் தள்ளுவார், பெயர் சொல்லி அழைப்பதில்லை. குற்றம் செய்யாதவள் என்றால் மறுத்திருப்பாளே? அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. அந்த மௌனத்தை அவர் ஒப்புதலாக எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டார்.

அந்தப் பூ. நினைவு அங்கேயே சுற்றியது, நூல் கண்டில் முடிச்சு விழுந்தால் நூற்புக் கதிர் அங்கேயே நின்று துடிப்பதுபோல. அந்தப் பூ எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நாளில் அவள் கட்டிலைவிட்டு எழுந்து வாசல்வரை நடந்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவதற்கே இருமுறை விழுந்தாள். கடைக்கு யார் போனது? பதினாறாம் நாள் தொட்டில் போட்டார்கள். தொட்டில் கயிறு நான்கிலும் பூச் சுற்றியிருந்தது. கயிற்றில் சுற்றியது போக மிஞ்சிய பூ... வெயில் நேரம், பூக்கடையில் கை குட்டையான கடைக்காரி முழம் போட்டாள், இன்னும் இரண்டு முழம் போடு என்று ஒருவர் அதட்டினார். அதட்டிய குரல் அவருடையது. வாழையிலையில் பொதிந்து மிதிவண்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது அவர். ஆறு முழம் பிச்சி. மிஞ்சியதை யாரோ கிழிந்த துணியில் சுற்றிக் கட்டிலடியில் தள்ளியிருக்கிறார்கள், பேறுகால வீட்டில் எல்லாப் பொருளும் கட்டிலடியில்தான் போகும். முப்பத்தோராண்டாக இந்தப் பூக்கடைக்காரி எங்கே இருந்தாள்? ஏன் இப்போது வருகிறாள்? அவர் கைகளைப் பார்த்தார். உள்ளங்கை நனைந்திருந்தது, வேட்டியில் துடைத்தார். இதுவும் ஒரு சுரப்பிதான், சிறுநீரகத்து மேல் தொப்பிபோல உட்கார்ந்திருப்பது. அச்சம் கண்டால் சாற்றைக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை நனையும், வாய் உலரும். அந்த உரையின் இருபதாவது நிமிடத்தில் அவர் இதைச் சொன்னபோது முன்வரிசையில் ஒருவன் எழுந்து, அப்போ நம்ம மேனேஜரைக் கண்டா சுரக்கறது அதுதானா அண்ணாச்சி என்றான், மன்றமே சிரித்தது. அவளுக்கு அதுவும் படுத்துவிட்டதென்றால், இத்தனை ஆண்டும் அஞ்சக்கூட அவள் உடம்பில் சாறு இல்லை. அடுப்படியில் மயங்கி விழுந்தாளே ஒருநாள், விடிகாலை நான்கு மணிக்கு அவருக்குச் சோறு வடிக்கும்போது, கஞ்சி முழங்கையில் கொட்டி, நடிக்காதே என்றாரே. சங்கு ஊதவில்லை. அவ்வளவுதான். தலைமைப் பீடத்தில் சங்கு ஊதுகிறவன் அன்று காலை பத்தரை மணிக்கு இரத்தமில்லாமல் செத்துப்போனான். அதற்குப்பின் பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங்கில் ஆள் இல்லை, நூற்கும் ஸ்பின்னிங்கில் ஆள் இல்லை, விளக்கு இல்லை, சூடு இல்லை. இவர் வெளியே நின்று முப்பத்தோராண்டாக ஆலையைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தார்.

இல்லை, இது ஊகம். பூவை அவள் அப்படியும் கட்டியிருக்கலாம் அல்லவா? கட்டியிருந்தால் நல்லது, அவள் கட்டியிருக்க வேண்டும்; கட்டவில்லையென்றால் அவர் யார்? பால் வந்ததா? கண்ணால் கண்டது உண்டா? பிள்ளை காம்பை விட்டுவிட்டுக் கத்தும், அது நினைவிருக்கிறது, முதல் நாள் முதலே கத்தியது, வீடு முழுக்கக் கேட்கும், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வார். ரவிக்கை நனைந்து கண்டதில்லை. மாதவிலக்கு நின்றது உரிய வயதில் என்றாரே, எந்த வயதில்? அவள் வீட்டுக்கு விலக்காகக் கொல்லையில் உட்கார்ந்து அவர் பார்த்தது வடிவுக்கு முன்பு. பின்பு ஒருநாளும் இல்லை. இருபத்தைந்து வயதில். தாளில் நாற்பத்தைந்து என்று இருக்கிறது. இப்போது உள்ளே போய், அம்மா, நான் சொன்னது தவறு என்றால், அந்தப் பெண் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு விடை வேண்டும். பிள்ளை பெற்றவளோடு முப்பத்தோராண்டு ஒரே கூரையின்கீழ் இருந்துவிட்டு, எனக்குத் தெரியாது என்பதா? ஐந்தாம் வகுப்புப் படித்தவன் தெரியாது என்று சொன்னால், அவனுக்குத் தெரியாது என்றே உலகம் நம்பிவிடும். அந்தப் பயத்தில்தானே ஆயிரத்து நானூறு நூல். நான்கு நாளில் இரத்த முடிவு வந்துவிடும், அது சொல்லட்டும். நான்கு நாள். இரண்டு மணிக்கு மாத்திரை. இருக்கட்டும், ஒரு மாத்திரைதானே. ஆளே போயிடலாம் என்றாளே. போய்விட்டால்? போய்விட்டால் மூன்று விடையும் அப்படியே நிற்கும், யாரும் திரும்பி வந்து பிழை என்று சொல்லப்போவதில்லை. இந்த நினைப்பு வந்து முடிந்தபிறகுதான், அது எவ்வளவு நிம்மதியாக வந்தது என்பது அவருக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, என்ன இப்படி வேர்க்குது ஒங்களுக்கு? சோடா கீடா வாங்கியாரட்டா?" என்றான் செபஸ்தியான். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழிந்தும், இரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் அவருடைய வலத்தோள் தானாக இறுகும். சுவரில் ஒன்று நாற்பத்தெட்டுதான். வராந்தாவின் கோடியில் நர்ஸ் தட்டை ஏந்தி வந்தாள். தட்டில் கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்தில் பொடித்துக் கரைத்த வெண்மை. அவர் எழுந்து கதவை மறித்து நின்றார். எழுந்தது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

"பெரியவரே, வழியை விடுங்க. ஏழாம் பெட்டுக்கு மாத்திரை."

"கொடுக்க வேண்டாம்."

"இதென்ன கூத்து? மணியாச்சு. குழாய் வழியாத்தான் விடணும், நகருங்க."

"மணி ஆகவில்லை. அது நான்கு நிமிடம்..." என்று தொடங்கியவருக்கு நா குழறியது, ஏனென்றால் கடிகாரத்தின் பிழை இப்போது எந்தப் பக்கம் என்பது மறந்துபோயிற்று. "டாக்டரை அழையுங்கள் அம்மா. கொடுக்காதீர்கள். டாக்டரை அழையுங்கள்." சத்தம் கேட்டு ரெஹானா உள்ளிருந்து வந்தாள். ஸ்டெதஸ்கோப்பின் ஒரு காது மட்டும் மாட்டியிருந்தது. கூட நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செபஸ்தியான் எழுந்து நின்றான். வீரபாகு அவர்கள் நல்ல வாக்கியம் ஒன்றைத் தேடினார், எழுவாய் பயனிலையோடு. கிடைக்கவில்லை. "ரத்தம் போச்சு," என்றார். அது அவர் அம்மா பேசிய பேச்சு, அவர் நாற்பது ஆண்டாகப் பேசாத பேச்சு. "ஏழு சேலை நனைஞ்சுது. சாக்கும் நனைஞ்சுது. பாலு... பாலு வந்துதான்னு நான் பாக்கல. வரலன்னுதான் நெனைக்கேன். மாசாமாசம் ஆவுறது அப்பமே நின்னுபோச்சு, பிள்ளை பெத்ததுலருந்து. நான் சொன்னது எல்லாம்..." அந்தச் சொல் வர நெடுநேரம் ஆயிற்று. "எனக்குத் தெரியாது, தாயி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்காகக் கட்டி வைத்திருந்த உடம்பு, கேள்வி வராததால் சரிந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. அவள் நர்ஸின் தட்டைத் தள்ளிவிட்டு, ஒரு மருந்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே ஏழாம் எண் கட்டிலுக்கு ஓடினாள். ஊசி நரம்பில் ஏறியபோது மணி என்ன என்று அவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்பொழுதில் உலகம்மாள் கண் திறந்தாள். குழாயை எடுத்துவிட்டார்கள். கை தொட்டால் சூடாக இருந்தது. அந்தக் கையின் சூட்டை அவர் மறந்திருந்தார். இரத்த முடிவும் எதிர்பார்த்ததற்கு முன்பே, முந்தின நாள் மாலையே வந்துவிட்டது. சுரப்பி என்றோ செத்தது, ஆயுளுக்கும் மாத்திரை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாள். அவர் கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரவெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்ததைச் சொன்னார். தலைக்குள் இருக்கும் சுரப்பியைப் பற்றி, இரத்தம் போனால் அது சாவதைப் பற்றி, அது செத்தால் பால் என்பதே உண்டாகாது என்பதைப் பற்றி. சொல்லி முடித்து, "உன்மேல் குற்றம் இல்லை, உலகு," என்றார். உலகம்மாள் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முப்பத்தோராண்டுக்குப் பின் தன் பெயரைக் கேட்டதற்கான அடையாளம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. குரல் மெல்லியதாக, கரகரப்பாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

"அன்னைக்கே சொன்னேம்லா."

"எதை?"

"பாலு வரலன்னு. பொறந்த ரெண்டாம் நாளு. மூணாம் நாளும் சொன்னேன். பேப்பர் படிச்சிட்டு இருந்திய. நிமிந்து பாக்கல." சற்று மூச்சு வாங்கினாள். "மறுபடியும் சொல்லணுமாக்கும்னு விட்டுட்டேன்."

பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இவ்வாறாக, யார் பக்கம் குற்றம் என்னும் விவகாரம், சுபானு வருடம் ஆடி மாதம் இருபத்திரண்டாம் நாள், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தீர்ந்தது.